வரி என்று நினைத்துக் கட்டிய பணம்

போன மாதம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கைப்பை மறுபடியும் கையில் அகப்பட்டது. 2014 அக்டோபரில் சீனாவின் குவாங்சோவில் வாங்கியது. பழுப்பு நிறம், கன்றுத் தோல், தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வார், நடுவில் பித்தளைப் பூட்டு. விலை 14,800 யுவான். அப்போதெல்லாம் யுவானைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய ரூபாய் வந்துவிடும். மனக்கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் தொல்லை, எதை எடுத்தாலும் ஊர் விலை கண்முன் வந்து நிற்கும். அம்மாவிடம் இன்றுவரை உண்மையான விலையைச் சொல்லவில்லை. ஒரு பூஜ்யத்தைக் குறைத்துத்தான் சொன்னேன். அதற்கே, "பதினஞ்சாயிரத்துக்கா ஒரு பை?" என்று ஒரு வாரம் புலம்பினாள்.

ஒன்றரை லட்சம் எனக்குப் பெரிய தொகை இல்லை என்று கதை விட மாட்டேன். அது என் ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டிய காசு. ஆனால் செலவு செய்த காசு ஒரு வருடத்தில் மறந்து போகும். மறக்காமல் உறுத்துவது, அதைக் கொடுக்கும்போது நான் எவ்வளவு பெருமையாகக் கொடுத்தேன் என்பதுதான். ஏதோ ஒரு நாட்டின் கஜானாவுக்கு நேர்மையாகப் பங்களிப்பதுபோல ஒரு நினைப்பு.

நான் அப்போது ஒரு காலணிக் கொள்முதல் அலுவலகத்தில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். சொந்த ஊர் ஆம்பூர். ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் குவாங்டோங் மாகாணத்தில் வந்து விழுவது ஒன்றும் அதிசயமில்லை, தோல் எங்கே போகிறதோ அங்கே நாங்களும் போவோம். வாரத்தில் மூன்று நாள் தோங்குவானில் ஹோவ்ஜியே என்கிற ஷூ ஊருக்குப் போக வேண்டும். அங்கே பிரேசில்காரர்கள் நிறைய. அவர்கள் ஊரின் ஷூ தொழில் படுத்தபோது கிளம்பி வந்து, தோங்குவானிலேயே தங்கிவிட்ட டெக்னீஷியன்கள். போதாததற்கு எங்கள் வட்டத்தில் ஃபினிஷிங் கெமிக்கல் விற்கும் ஒரு இத்தாலிக்காரரும் இருந்தார். வெள்ளிக்கிழமை இரவு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் விலையில்தான் வந்து முடியும். பாலாடைக்கட்டி என்ன விலை, ஆலிவ் எண்ணெய் என்ன விலை, ஊரில் தண்ணீர்போலக் குடிக்கிற ஒயினுக்கு இங்கே என்ன விலை. இத்தாலிக்காரர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவர் பெட்டியில் துணி இருக்காது. ஒரு பக்கம் பார்மிசான், மறுபக்கம் காப்பிப்பொடி. எனக்கும் இதே நோய்தான். ஷியாவ்பெய் பக்கத்துக் கடையில் துவரம் பருப்பையும் கட்டிப் பெருங்காயத்தையும் ஏதோ நகைக்கடையில் வாங்குகிற மாதிரி வாங்கி வருவேன். ஆனால் பார்மிசானைச் சொன்னால் மேசையே உச்சுக் கொட்டும், பெருங்காயத்தைச் சொன்னால் ஒருவரும் அனுதாபப்பட மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு விலை என்று யாராவது புதிதாக வந்தவர் கேட்டால், மேசையில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம்: வரி. அதோடு கேள்வி முடிந்துவிடும். 2013 அக்டோபரில் சீன அரசுத் தொலைக்காட்சி ஸ்டார்பக்ஸைப் பிடித்து உலுக்கியது நினைவிருக்கலாம். பெய்ஜிங்கில் 27 யுவானுக்கு விற்கிற லாட்டே சிகாகோவில் எவ்வளவு, லண்டனில் எவ்வளவு, மும்பையில் எவ்வளவு என்று வரிசையாகக் காட்டினார்கள். மும்பைதான் இருந்ததிலேயே மலிவு, பெய்ஜிங் விலையில் ஏறக்குறைய பாதி. மறுநாள் அலுவலகத்தில் என்னைப் பார்த்து, "உங்கள் ஊரில் பாதி விலையாமே" என்று கேட்காத ஆளில்லை. எங்கள் ஊரில் பாதிக்கும் பாதி விலையில் டிகிரி காப்பியே கிடைக்கும் என்று நான் சொன்னது எவருக்கும் புரியவில்லை. சீன வலைத்தளங்களில் அந்த நிகழ்ச்சியை நிறையப் பேர் கிண்டலடித்தார்கள். வீடு, பெட்ரோல், மருத்துவம் எல்லாம் இருக்க, காப்பிதானா கிடைத்தது என்று. எனக்கு அன்றைக்கு அது வேறு மாதிரி உறைத்திருக்க வேண்டும். காப்பியில் பெரும்பகுதி பாலும் வாடகையும் கூலியும்தானே, அதில் இறக்குமதி வரி எங்கே வந்தது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மூன்று ஊர், மூன்று விலை

குவாங்சோவின் தியான்ஹே பகுதியில், ஷிபாய்ச்சியாவ் மெட்ரோ நிலையத்திலிருந்து அப்படியே உள்ளே நுழைகிற மாதிரி ஒரு பெரிய மால் இருக்கிறது, தாய்கூ ஹுய். மழை பெய்தால் அதன் வழியாக நடந்து வீட்டுக்குப் போவேன். அந்தப் பையை அங்கேதான் முதலில் பார்த்தேன். ஆறு மாதம் வெறும் பார்வைதான். பெரிய ஐரோப்பியப் பெயர், அதை இங்கே எழுதப் போவதில்லை. வெளியே இருந்து பார்த்தாலே தையல் தெரியும், ஓர் அங்குலத்துக்கு எட்டு, ஒன்பது தையல், எங்கேயும் கோணல் கிடையாது. நாள் முழுக்க ஷூவில் தையல் எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு அதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

வாங்கலாம் என்று முடிவு செய்ததும் விசாரித்தேன். பாரிஸில் 1,150 யூரோ. அன்றைய மாற்று விலையில் 8,900 யுவான் சொச்சம். வெளிநாட்டுப் பயணி என்றால் கட்டிய வரியைத் திருப்பித் தருவதில் ஏறக்குறைய 12 சதவீதம் கையில் வரும். ஹாங்காங்கில் 10,500 யுவான் போல. அங்கே சுங்கமும் கிடையாது, விற்பனை வரியும் கிடையாது. என் வீட்டுக்கு ஐந்து நிமிட நடையில், 14,800. இது எனக்கு மட்டும் நேர்ந்த கொடுமை என்று நினைக்க வேண்டாம். 2011 வாக்கில் சீன வணிக அமைச்சகமே 20 உயர்தர பிராண்டுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தது. கைக்கடிகாரம், பை, உடை, மது, மின்னணுப் பொருள் என்று. சீனாவில் விலை ஹாங்காங்கைவிட 45 சதவீதம், அமெரிக்காவைவிட 51, பிரான்ஸைவிட 72 சதவீதம் அதிகம் என்று வந்தது. என் பை அந்தக் கணக்கில் ஏறக்குறையப் பொருந்தியது.

பக்கத்து மேசைப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். குவாங்சோவில் உட்கார்ந்துகொண்டு யாராவது குவாங்சோவில் வாங்குவார்களா? அப்போதெல்லாம் கிழக்கு ரயில் நிலையத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஹாங்காங்கின் ஹுங் ஹோம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அப்போது ஹாங்காங் போக முன்கூட்டி எதுவும் எடுக்கத் தேவையில்லை, 14 நாள் தங்கலாம். அவளே மாதம் இரண்டு தடவை போய் மற்றவர்களுக்கு வாங்கி வந்து கமிஷன் பார்ப்பவள். தைகோவ் என்பார்கள், இன்னொருவருக்காக வாங்குவது என்று பொருள். முறையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். "பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடு. விலைச்சீட்டைக் கிழித்துவிடு. உள்ளே டிஷ்யூ, சாவி, பாதி தீர்ந்த லிப்ஸ்டிக் எல்லாம் போட்டுத் தோளில் மாட்டிக்கொள். உன் பழைய பை அது. யார் கேட்பார்கள்?"

டிக்கெட் வரை எடுத்துவிட்டேன். முந்தின நாள் இரவு தூக்கம் வரவில்லை. சுங்க மேசையில் ஓர் ஆள் என்னைப் பார்த்து, இந்தப் பை எப்போது வாங்கினாய் என்று கேட்பதாகவும், நான் சீன மொழியில் எண்களை உளறுவதாகவும் கனவு மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. வேலை விசாவை வைத்துக்கொண்டு பிழைக்கிறவளுக்கு அந்தத் தெம்பு இல்லை. இன்னொன்றும் இருந்தது. அப்பா வளர்த்த வளர்ப்பு. போகவில்லை. மறுநாள் மதியம் நேராக மாலுக்குப் போய் 14,800-ஐக் கொடுத்து வாங்கினேன். வெள்ளிக்கிழமை மேசையில், "நான் வரி கட்டி வாங்கினேன்" என்று சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பெட்டியில் பார்மிசான் கொண்டு வருகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது இனிப்பாக இருந்தது.

அப்பாவின் சாண்

2015 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் டேனரியில் செலக்‌ஷன் பார்த்தவர். மேசைமேல் தோலை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரித்து அடுக்குகிற வேலை. கண் மங்கிவிட்டது, கை மங்கவில்லை. பையை எடுத்து முதலில் முகர்ந்தார். அப்புறம் கட்டைவிரலால் முகப்பை அழுத்தி, சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்தார். "நல்ல கன்னுக்குட்டித் தோல். உண்ணி கடிச்ச தடம் ஒண்ணுகூட இல்ல. நம்மூர் மாட்டுல இது வராது." எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

பிறகு பையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். உள்ளறையைத் திறந்து பார்த்தார். கையை விரித்துச் சாண் போட்டு முன்பக்கம், பின்பக்கம், மடிப்பு, வார் என்று அளந்தார். "வெட்டுற கழிவையும் சேத்து நாலு சதுர அடி. சரி, அஞ்சுன்னே வெச்சுக்கோ. ஒசத்தித் தோலு, ஒரு அடி எட்டு டாலர் போடு. நாப்பது டாலர்." பித்தளைக்கு, துணிக்கு, நூலுக்கு, தையல் கூலிக்கு என்று தாராளமாகவே ஏற்றிக்கொண்டு போனார். எவ்வளவு தாராளமாகப் போனாலும் அவரால் 150 டாலரைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் வார் சேர்கிற இடத்தில் விளிம்பை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். "தோலுக்குக் குத்தம் சொல்ல முடியாது. இந்த எட்ஜ் பெயின்ட்தான் நிக்காதுமா. ஈரத்துல வெக்காத." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார், "எவ்ளோ குடுத்த?"

அப்பாவிடம் பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பையைத் துணியில் சுற்றி மெதுவாக என் மடியில் வைத்துவிட்டு, "மீதி எல்லாம் யாருக்குப் போவுது?" என்றார். கோபமில்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டது. தோலின் விலை மாட்டிலிருந்து கடைவரை கைமாறுவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்த மனிதர். "வரிப்பா. சீனாவுல வெளிநாட்டுச் சாமானுக்கு ரொம்ப வரி" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பியதாகத் தெரியவில்லை.

நூடுல்ஸ் கடைச் சீட்டு

ஊரிலிருந்து திரும்பிய மூன்று வாரத்தில், 2015 மார்ச் நடுவில், அந்தச் செய்தி வந்தது. ஷனெல் நிறுவனம் உலகமெங்கும் விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவரப் போகிறதாம். யூரோ சரிந்துகொண்டே போனதால், ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் நடுவே இருந்த பள்ளம் தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது, தைகோவ்காரர்கள் அதில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷனெலின் பிரபலமான 11.12 என்கிற பை சீனாவில் 38,200 யுவானிலிருந்து 30,000-க்கு இறங்கியது. ஐரோப்பாவில் 3,550 யூரோவிலிருந்து 4,260-க்கு ஏறியது. சீனக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. பக்கத்து மேசைப் பெண், "என் பிழைப்பில் மண்" என்று தலையில் கை வைத்தாள்.

நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். 8,200 யுவான் இறங்கியிருக்கிறது. ஆனால் அந்த மாதம் சீன அரசு பைகள்மீதான எந்த வரியையும் தொடவில்லை. வரி இறங்காமல் விலை எப்படி இறங்கும்?

எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் அம்மாள் இருந்தார். நான் ஜியே என்று கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம். எதைச் சொன்னாலும் முதலில் "ஃபாபியாவ் எங்கே?" என்று பில் கேட்கிறவர். மதியம் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவரிடம் கேட்டேன். கடைச் சீட்டைத் திருப்பிப் போட்டார். பேனாவை எடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"உன் பை 14,800. அதற்குள் மதிப்புக்கூட்டு வரி 17 சதவீதம் இருக்கிறது. அதைக் கழித்தால் 12,650. சரியா? பிரான்ஸிலும் விலைக்குள் வரி இருக்கிறது, அங்கே 20 சதவீதம். 1,150 யூரோவில் அதைக் கழி. 958 யூரோ. நீ வாங்கியபோது இருந்த மாற்று விலையில் 7,400 யுவான் சொச்சம்." இங்கே நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "எங்கள் வரி அவர்கள் வரியைவிடக் குறைவு. பார்த்தாயா?" எனக்கு அது வரை தோன்றவே இல்லை. வரி என்றால் சீனாவில் மட்டும் இருப்பது, பாரிஸில் பை மரத்தில் காய்ப்பது என்பதுபோல நினைத்திருந்தேன். "இப்போது சுங்கம். தோல் பைக்கு 10 சதவீதம். ஆனால் கடை விலைக்கு இல்லை, துறைமுகத்தில் காட்டுகிற விலைக்கு. அது மிகவும் குறைவாகத்தான் இருக்கும். சரி, உனக்காகப் பிரான்ஸ் கடை விலையையே காட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 740 யுவான். மீதி?"

மீதி 4,500 யுவான் சொச்சம். ஜியே அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இது எங்கள் அரசாங்கத்துக்கு வரவில்லை" என்று சொல்லிவிட்டு நூடுல்ஸைச் சாப்பிட ஆரம்பித்தார். அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் வட்டத்துக்குள் இருந்தது.

எல்லாப் பொருளுக்கும் இதே கதை என்று சொல்லிவிட முடியாது, சொன்னால் ஜியே கோபித்துக்கொள்வார். அன்றைக்கு லிப்ஸ்டிக், வாசனைத் திரவியம் மாதிரிச் சாமான்களுக்கு 30 சதவீதம் நுகர்வு வரி தனியாக இருந்தது. அதையும் நேராகக் கூட்ட மாட்டார்கள். சுங்கம் சேர்ந்த விலையை 0.7-ஆல் வகுப்பார்கள், வருவதன்மேல் 17 சதவீதம். 100 யுவான் சாமானுக்குச் சுங்கம் 10 என்றால் 184-இல் போய் நிற்கும். அது நிஜமான வரி, கடைக்காரர் தலையெழுத்து. 2016 அக்டோபரில் உயர்தர அழகுப் பொருளுக்கு அதை 15 ஆக்கினார்கள், சாதாரண அழகுப் பொருளுக்கு எடுத்தே விட்டார்கள். 10,000 யுவானுக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 20 சதவீதம், ஒயினுக்கு 10 சதவீதம் என்று இன்னும் உண்டு. இத்தாலிக்காரரின் ஒயின் புலம்பலில் பாதியாவது நியாயம். என் பைக்கு அந்த நுகர்வு வரிகூடக் கிடையாது.

வரி நிஜமாகவே இறங்கினால் விலை எவ்வளவு இறங்கும் என்பதையும் பின்னால் பார்த்தேன். 2018 ஜூலையில் 1,449 வகை நுகர்பொருள்களின் சுங்கத்தைச் சராசரியாக 15.7 சதவீதத்திலிருந்து 6.9-க்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் 16-க்கு இறங்கியிருந்த மதிப்புக்கூட்டு வரி 2019 ஏப்ரலில் 13 ஆனது. அப்போது சில பெரிய பிராண்டுகள் விலையைக் குறைத்தன, பத்திரிகையெல்லாம் எழுதின. குறைந்தது 3 சதவீதம் போல. அரசு மனது வைத்தால் 3, 38,200 பையை 30,000 ஆக்கிய மாதிரி கம்பெனி மனது வைத்தால் 21.

அப்படியானால் அந்த வட்டத்துக்குள் இருந்த பணத்தை ஏன் வாங்கினார்கள்? கடை வாடகை, விளம்பரம் என்பார்கள். பாரிஸில் வாடகை இல்லையா என்ன. எனக்குத் தோன்றுவது இது. அந்த விலை என்னை மனதில் வைத்துப் போட்டதே இல்லை. அந்தக் காலத்தில் சீனாவில் இப்படிப்பட்ட பைகளில் எத்தனையோ அன்பளிப்பாகக் கைமாறின. மேலதிகாரிக்கு, ஒப்பந்தம் கொடுக்கிறவருக்கு, அவர் மனைவிக்கு. அன்பளிப்பு வாங்குகிறவர் விலையைப் பார்ப்பார், கொடுக்கிறவர் பேரம் பேச மாட்டார். விலை குறைவாக இருந்தால் அது குறை. மியான்ஸி என்பார்கள், நம்மூரில் மதிப்பு மரியாதை, முகத்தாட்சணியம் எல்லாம் கலந்த ஒன்று. 2012 கடைசியில் ஊழல் ஒழிப்பு தொடங்கியதும் அந்த வாடிக்கையாளர் கூட்டம் மெலிந்தது, யூரோவும் சரிந்தது, அப்புறம்தான் கம்பெனிகளுக்கு எங்களைப் போன்றவர்கள் கண்ணில் பட்டோம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பாரிஸ் விலையைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அதுவரை யாருக்கோ தைத்த சட்டையை நாங்கள் போட்டுக்கொண்டு, துணி விலை அதிகம் என்று அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை மேசையில் இந்தக் கணக்கைச் சொன்னேன். பிரேசில்காரர்கள் சீட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். இத்தாலிக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் நாட்டுப் பெயர்களைப் பற்றி நான் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் புதிதாக வந்த ஒருவர் பாலாடைக்கட்டி விலையைக் கேட்டார். மேசையில் எல்லோரும் ஒரே குரலில் வரி என்றார்கள். நானும் சொன்னேன். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது.

பை என்ன ஆனது என்று சொல்லி முடித்துவிடுகிறேன். குவாங்டோங்கில் வசந்தகாலத்தில் ஹுய்நான்தியான் என்று ஒரு கொடுமை உண்டு. தெற்குக் காற்று திரும்பும்போது சுவரெல்லாம் வியர்க்கும், தரையில் தண்ணீர் நிற்கும், அலமாரிக்குள் துணி காயவே காயாது. 2017-இல் அப்படி ஒரு பத்து நாள். பையை எடுத்தபோது முகப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. துடைத்தேன், போய்விட்டது. ஆனால் வார் சேர்கிற இடத்தில், அப்பா நகத்தால் கீறிய அதே விளிம்பில், எட்ஜ் பெயின்ட் பிசுபிசுவென்று உரிந்து விரலில் ஒட்டியது.

வாங்கிய கடையில் கேட்டால், வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழுது பார்க்க மூன்று மாதம், விலை பின்னால் சொல்வோம் என்றார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு சான்யுவான்லி தோல் சந்தைக்குப் போனேன். பின்சந்தில் ஓர் ஆள், தகரக் கூரைக்குக் கீழே, முன்னால் பத்துப் பதினைந்து சிறு பெயின்ட் டப்பாக்கள். பையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சந்தை முழுக்க இந்தப் பையின் நகல்கள்தான் தொங்கும், அங்கே அதற்கு ஏ-சரக்கு என்று பெயர்.

"அசலா, ஏ-வா?" என்று கேட்டார்.

அசல் என்றேன். அசலுக்கு அதிகம் வாங்குவாரோ என்று அந்த நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எதுவானாலும் 80 யுவான்தான். சாயங்காலம் வா" என்றார்.